பழைய சுவிட்ச் போர்டில் எந்த வயர் எங்கே போகிறது? படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழி

ஒரு சுவிட்ச் வேலை செய்யவில்லை, மாற்றிவிடலாம் என்று போர்டின் மூடியைக் கழற்றுவார்கள். உள்ளே ஒரு கைப்பிடி வயர். பாதிக்கு மேல் சிவப்பு. இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் ஒரு வயர் நழுவி உள்ளே போய்விடும். அது எதிலிருந்து வந்தது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. நான் பார்த்தவரை புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்: கண்டுபிடிக்கும் முன்பே கழற்றிவிடுவது.

இது தமிழ்நாட்டு வீடுகளில் உள்ள 230 வோல்ட் வயரிங்குக்கான வழிகாட்டி. இருக்கிற இணைப்பைப் படித்துப் புரிந்துகொள்வதுதான் நோக்கம். புது வயர் இழுப்பதும், இணைப்பை மாற்றி அமைப்பதும் உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை. ஆனால் அவர் வரும்போது கையில் ஒரு படம் இருந்தால், அரை நாள் வேலை அரை மணியில் முடியும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நியான் டெஸ்டர், பஸ்ஸர் (இரண்டு கம்பிக்கும் நடுவே இணைப்பு இருந்தால் கத்துவது) உள்ள மல்டிமீட்டர், காப்புப் பிடி போட்ட திருப்புளி, இன்சுலேஷன் டேப், மாஸ்கிங் டேப், மார்க்கர் பேனா, நோட்டு, தலையில் மாட்டும் டார்ச். கரண்டை நிறுத்தியபின் இருட்டில் வேலை செய்யப் போகிறோம். செல்போனை வாயில் கவ்விக்கொண்டு வயரைத் தொட வேண்டாம்.

இரண்டு பொருள்களைப் பலர் மறந்துவிடுவார்கள். ஒன்று, 15 மீட்டர் நீளத்துக்கு ஒற்றை வயர். சீலிங்கில் இருக்கும் ஹோல்டருக்கும் சுவரில் இருக்கும் போர்டுக்கும் மல்டிமீட்டரின் கம்பி எட்டாது. இன்னொன்று டெஸ்ட் லேம்ப்: ஒரு ஹோல்டர், பழைய 60 வாட் குண்டு பல்பு, நுனி தவிர எங்கும் செம்பு தெரியாத இரண்டு வயர். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. கொஞ்சம் கசிந்து வரும் கரண்டுக்கே அது மினுக்கும். குண்டு பல்பு ஏமாறாது.

மல்டிமீட்டரில் 'கேட் 3' (CAT III, வீட்டு வயரிங்கில் வைத்துப் பார்க்க ஏற்ற பாதுகாப்புத் தரம்) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்த வேலையில் மிச்சம் பிடிக்கக் கூடாத செலவு அது ஒன்றுதான்.

2. போர்டைத் திறக்காமலே ஓர் அட்டவணை

கரண்ட் இருக்கும்போதே, மூடியைத் தொடாமல், ஒவ்வொரு சுவிட்சும் என்ன செய்கிறது என்று இடமிருந்து வலமாக எண் போட்டு எழுதுங்கள். 1: டியூப் லைட். 2: ஃபேன். 3: ஒன்றும் தெரியவில்லை. 4: பக்கத்து சாக்கெட். திறந்து வயர் நழுவிய பிறகு இந்தத் தகவல் எங்கிருந்தும் கிடைக்காது.

ஒன்றும் தெரியாத சுவிட்ச் பெரும்பாலும் செத்த சுவிட்ச் அல்ல. வெளிவாசல் விளக்கு, குளியலறை எக்ஸாஸ்ட், ஃபால்ஸ் சீலிங்குக்குள் மூடிப்போன பழைய பாயின்ட், அலமாரிக்குப் பின்னால் ஒளிந்த சாக்கெட் என்று எங்காவது போயிருக்கும். ஒரு டேபிள் விளக்கை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க ஒவ்வொரு சாக்கெட்டாகச் சோதித்தால் பாதி மர்மம் தீரும்.

அடுத்து எம்.சி.பி.க்களை (மெயின் பெட்டியில் ஒவ்வொரு சர்க்யூட்டையும் தனித்தனியாக வெட்டும் சுவிட்சுகள்) ஒவ்வொன்றாக இறக்கி, எது எது அணைகிறது என்று குறியுங்கள். ஒரே போர்டின் சுவிட்சுகள் இரண்டு எம்.சி.பி.யில் பிரிந்திருந்தால் அட்டவணையில் சிவப்பு வட்டம் போடுங்கள். அந்தப் போர்டு சாதாரணமானது அல்ல.

கடைசியாக, இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், அதை ஓடவிட்டபடியே மெயினை இறக்குங்கள். எது இன்னும் எரிகிறதோ அதற்குப் பக்கத்தில் 'இ' என்று எழுதுங்கள். இந்த ஓர் எழுத்து பின்னால் உங்கள் கையைக் காப்பாற்றும்.

3. கரண்டை நிறுத்துவது: மெயினை இறக்கினால் போதாது

மெயினை இறக்கியதும் வீடு இருண்டுவிட்டது என்று போர்டைத் திறப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் மெயினை இறக்கியது இன்வெர்ட்டருக்கு ஒரு பவர் கட். உடனே அது விழித்துக்கொண்டு அதே போர்டுக்கு 230 வோல்ட் அனுப்பும். 'மெயின் ஆஃப்தானே' என்ற நம்பிக்கையோடு விரல் போகும் இடம் அதுதான்.

இன்வெர்ட்டரின் முன் சுவிட்சை மட்டும் அணைப்பதும் போதாது. ஈபி கரண்ட் இருக்கும்வரை பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் அதை அப்படியே வெளியே கடத்திக்கொண்டிருக்கும். ஆகவே வரிசை இது: மெயினை இறக்குங்கள், இன்வெர்ட்டரை அணையுங்கள், அதன் அவுட்புட் பிளக்கையும் உருவுங்கள். பேட்டரியோடு சோலார் இருந்தால் அதற்கும் இதே கதைதான்.

போர்ஷன் போர்ஷனாக வாடகைக்கு விட்ட வீடுகளில் இன்னொரு வாசல் உண்டு. மாடிப்படி விளக்கு பொது சர்வீஸில் இருக்கும், அதன் சுவிட்ச் உங்கள் ஹால் போர்டில் இருக்கும். உங்கள் மீட்டரின் மெயினை இறக்கினாலும் அந்த ஒரு சுவிட்சில் மட்டும் கரண்ட் நிற்காது.

எனவே சோதித்துத்தான் நம்ப வேண்டும். கரண்ட் இருக்கும்போதே டெஸ்டரும் மல்டிமீட்டரும் அந்தப் போர்டின் சாக்கெட்டில் ஒழுங்காக வேலை செய்வதைப் பாருங்கள். நிறுத்தியபின் அதே சாக்கெட்டை மீண்டும் பாருங்கள். மூடியைத் திறந்ததும் எதையும் தொடுமுன், உள்ளே தெரியும் ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் டெஸ்டரை வையுங்கள். சாக்கெட்டில் கரண்ட் இல்லை என்றால் சாக்கெட்டில் இல்லை, அவ்வளவுதான்.

டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதன் கரண்ட் உங்கள் உடல் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. ரப்பர் செருப்போடு மர ஸ்டூலில் நின்றால், உயிருள்ள வயரில்கூட மங்கலாக எரியும், சில நேரம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் மல்டிமீட்டரும் வேண்டும் என்கிறேன்.

4. முதலில் போட்டோ, பிறகு பட்டை, அதற்கப்புறம்தான் திருப்புளி

மூடியைக் கழற்றி முன்னால் சாய்த்ததும் நான்கு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். ஒரே படத்தில் ஒரு வயர் இன்னொன்றை மறைக்கும். பழைய சன்மைக்கா போர்டில் சுவிட்சுகள் மூடியோடு சேர்ந்தே வெளியே வரும். பின்பக்கத்திலிருந்து பார்க்கும்போது இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும். அதனால் முதலாம் சுவிட்சின் முதுகில் உடனே '1' என்று எழுதுங்கள். இது நடக்காத வீடு இல்லை: ஃபேன் சுவிட்ச் என்று நினைத்து டியூப் லைட் சுவிட்சைக் கழற்றியிருப்பார்கள்.

பிறகு ஒவ்வொரு வயரிலும் மாஸ்கிங் டேப்பைக் கொடிபோல் ஒட்டி எழுதுங்கள்: '1 மேல்', '1 கீழ்', '2 மேல்'. இப்போதைக்கு 'பேஸ்' (கரண்ட் வரும் வயர்), 'நியூட்ரல்' (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) என்றெல்லாம் எழுத வேண்டாம். வயர் எங்கே மாட்டியிருந்தது என்பது உண்மை. அது என்ன வயர் என்பது இன்னும் உங்கள் ஊகம். இரண்டையும் கலந்து எழுதினால் தவறான ஊகத்தைத் திருத்த வழியே இருக்காது.

5. நிறத்தைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள்

விதி என்னவோ எளிது: சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மூன்று பேஸ் வீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம். ஆனால் சுவரில் இருப்பது, அன்றைக்கு வேலை செய்தவர் கையில் எந்தச் சுருள் மிச்சமிருந்ததோ அது. எனவே ஒவ்வொரு வயரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வைத்துத்தான் அதற்குப் பெயர் வைக்க வேண்டும்.

சாதாரணப் போர்டில் நான்கு கூட்டம் இருக்கும்.

பேஸ் லூப்: எல்லாச் சுவிட்சுகளின் ஒரே பக்க முனையையும் குட்டிக் குட்டி வயர்த் துண்டுகள் சங்கிலிபோல் இணைக்கும். இந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்தால் போர்டின் பாதியைப் படித்துவிட்டீர்கள். சுவருக்குள் வயர் ஓடும் குழாயிலிருந்து வரும் பேஸ் இந்தச் சங்கிலியின் ஏதாவது ஓர் இடத்தில் சேரும்.

விளக்கு வயர்: சுவிட்சின் மறு முனையிலிருந்து ஒரே ஒரு வயர் குழாய்க்குள் போகும். அதுதான் விளக்குக்கோ ஃபேனுக்கோ போவது. ஃபேன் என்றால் இடையில் ரெகுலேட்டர் இருக்கும்.

நியூட்ரல் கட்டு: எந்தச் சுவிட்சையும் தொடாமல், நான்கைந்து வயர்கள் முறுக்கி டேப் சுற்றிய கொத்து. அதிலிருந்து ஒன்று சாக்கெட்டின் ஒரு முனைக்கு வரும். சில வீடுகளில் இந்தக் கொத்து போர்டில் இல்லாமல் சீலிங்குக்குக் கீழே உள்ள ஜங்ஷன் பாக்ஸில் இருக்கும். போர்டில் நியூட்ரலே காணோம் என்றால் மேலே பாருங்கள்.

எர்த்: சாக்கெட்டின் பெரிய ஓட்டைக்குப் போகும் பச்சை வயர், அல்லது வெறும் செம்புக் கம்பி.

இதில் மூன்று இடங்களில் திரும்பத் திரும்பத் தவறு நடக்கிறது.

முதலாவது, சுவிட்சில் மாட்டியிருக்கும் கறுப்பு வயர். கறுப்பு என்பதாலேயே அதை நியூட்ரல் கட்டோடு சேர்த்துவிடுவார்கள். அது உண்மையில் விளக்கு வயராக இருந்தால் வீட்டில் ஒரு பல்பு எரியாது, அவ்வளவுதான். அது பேஸாக இருந்தால், மெயினைப் போட்டதும் நேரடி ஷார்ட் சர்க்யூட்.

இரண்டாவது, அடுத்த அறைக்குப் போகும் பேஸ். சங்கிலியின் கடைசிச் சுவிட்சில், ஒரே ஸ்க்ரூவில் இரண்டு வயர் இருந்தால் ஒன்று பெரும்பாலும் அடுத்த போர்டுக்குப் போகிறது. விளக்கு வயர் என்று நினைத்து அதைச் சுவிட்சின் மறு முனைக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் ஹால் லைட்டை அணைத்தால் படுக்கையறையே அணையும். 'சுவிட்ச் மாற்றினதிலிருந்து பக்கத்து ரூமில் கரண்ட் இல்லை' என்ற புகாருக்கு நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

மூன்றாவதுதான் ஆபத்து. சங்கிலி நடுவில் விட்டுப்போயிருக்கும்: முதல் மூன்று சுவிட்சுக்கு ஒரு லூப், அடுத்த இரண்டுக்கு வேறொரு லூப். 'யாரோ மறந்துவிட்டார்கள்' என்று ஒரு துண்டு வயரைப் போட்டு இணைக்காதீர்கள். அது பெரும்பாலும் ஈபி பேஸும் இன்வெர்ட்டர் பேஸும் தனித்தனியாக வரும் போர்டு. இணைத்துவிட்டால் பவர் கட்டில் இன்வெர்ட்டர் உங்கள் வீட்டின் முழுச் சுமையையும் இழுக்கும். மெயின் வழியாகத் தெருக் கம்பிக்கும் கரண்ட் அனுப்பப் பார்க்கும். கம்பத்தில் ஏறியிருப்பவர் லைன் செத்துவிட்டது என்று நம்பி வேலை செய்துகொண்டிருப்பார். ஈபி திரும்பி வரும்போது இன்வெர்ட்டரும் பிழைக்காது. அட்டவணையில் போட்ட 'இ' எழுத்தையும் லூப் விட்டுப்போன இடத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் உங்கள் ஊகம் சரி.

6. கரண்ட் இல்லாமல் சோதிப்பது

இப்போது ஊகத்தை உறுதி செய்ய வேண்டும். முடிந்தவரை கரண்ட் இல்லாமலே செய்யுங்கள்.

முதலில் எல்லா பல்புகளையும் கழற்றுங்கள், சாக்கெட்டில் இருப்பதையெல்லாம் உருவுங்கள். ஒரு பல்பு மாட்டியிருந்தாலும் அதன் வழியாக விளக்கு வயரும் நியூட்ரலும் சேர்ந்திருக்கும். மீட்டர் எதையோ காட்டும், நீங்கள் குழம்புவீர்கள். ஃபேனும் அப்படித்தான். அதன் சுவிட்சைப் போடாமல் வையுங்கள்.

நீள வயரின் ஒரு நுனியை ஹோல்டரின் ஒரு முனையில் மாட்டுங்கள். மறு நுனியை மல்டிமீட்டரின் ஒரு கம்பியோடு சேர்த்து, பஸ்ஸரில் வைத்து, இன்னொரு கம்பியால் போர்டில் பட்டை கட்டிய வயர்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். கத்தும் வயர் அந்த முனையைச் சேர்ந்தது. பிறகு ஹோல்டரின் மறு முனைக்கு மாற்றிச் செய்யுங்கள். ஒன்று சுவிட்சில் கத்த வேண்டும், மற்றது நியூட்ரல் கட்டில் கத்த வேண்டும். இப்போதுதான் பட்டையில் '1 மேல்' என்பதற்குப் பக்கத்தில் 'டியூப் லைட் வயர்' என்று எழுதலாம்.

எங்கேயும் கத்தவில்லை என்றால் வயர் அறுந்தது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஹோல்டர் முனையில் துருவோ பெயின்டோ இருக்கும். ஸ்க்ரூவின் தலையைச் சுரண்டிவிட்டு மீண்டும் பாருங்கள்.

7. கரண்டோடு சோதிப்பது, வேறு வழியே இல்லாதபோது

எது பேஸ் என்பதைச் சில நேரம் கரண்ட் போட்டுத்தான் அறிய முடியும். அப்போது வயர் நுனிகள் ஒன்றையொன்று தொடாமல் விரித்து வையுங்கள், வீட்டில் இன்னொருவர் மெயின் அருகே நிற்கட்டும், காலில் காய்ந்த செருப்பு இருக்கட்டும். கரண்ட் இருக்கும்போது மீட்டர் கம்பி, டெஸ்டர், டெஸ்ட் லேம்ப்பின் நுனி தவிர வேறெதுவும் போர்டுக்குள் போகக் கூடாது.

மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் 600க்கு மேற்பட்ட அளவில் வையுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230ஐ ஒட்டிக் காட்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் ஏறக்குறைய அதுவே. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட். இரண்டு சிவப்பு வயருக்கு நடுவே 400 காட்டினால் ஒரே பெட்டிக்குள் இரண்டு பேஸ் வந்திருக்கிறது. மூடிவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

40, 70, 90 என்று நடுவாந்திரமான எண் வந்தால் பயப்பட வேண்டாம். எங்கும் இணையாத வயர், குழாய்க்குள் உயிருள்ள வயரை ஒட்டிப் படுத்திருப்பதால் வரும் பொய் வோல்டேஜ் அது. டெஸ்டர்கூட அதில் மினுக்கும். டெஸ்ட் லேம்ப்பை அந்த வயருக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தால் உண்மை தெரியும்: பொய் என்றால் பல்பு எரியாது. ஆனால் அந்த லேம்ப்பை எர்த்தில் மாட்டாதீர்கள். 60 வாட் பல்பு கால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமாக இல்லாவிட்டால் தானே வெட்டும் பாதுகாப்பு சுவிட்ச்) உடனே விழும்.

8. மாடிப்படி விளக்கு: எல்லோரையும் திணறடிக்கும் டூ வே

ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போடவும் அணைக்கவும் வைப்பதுதான் டூ வே. மூன்று முனை உள்ள சுவிட்சைக் கண்டால் கழற்றுமுன் நில்லுங்கள். இதில் ஒரு முனை பொது முனை. பழைய பியானோ சுவிட்சில் அது பெரும்பாலும் நடுவில் இருக்கும், ஆனால் மாடுலரில் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம். சுவிட்ச் கையில் தனியாக இருக்கும்போது பஸ்ஸரில் பாருங்கள்: மேலே தள்ளினால் ஒரு முனையோடும் கீழே தள்ளினால் மற்றதோடும் கத்துவது எதுவோ, அதுவே பொது.

வழக்கமான முறையில் கீழ் போர்டின் பொது முனைக்குப் பேஸ் வரும். மேல் போர்டின் பொது முனையிலிருந்து விளக்குக்கு வயர் போகும். மற்ற இரண்டு முனைகளும் இரண்டு வயர்களால் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். 'மேல் சுவிட்சைக் கீழே தள்ளி வைத்தால்தான் கீழ் சுவிட்ச் வேலை செய்கிறது' என்றால், யாரோ புது சுவிட்ச் மாட்டும்போது பொது முனையில் தவறான வயரை மாட்டிவிட்டார்கள். வயர் அறுந்ததாக நினைத்துச் சுவரை உடைத்தவர்கள் உண்டு.

இன்னொரு முறையும் நம் ஊர்ப் பழைய வீடுகளில் இருக்கிறது. இரண்டு போர்டிலும் ஏற்கெனவே பேஸும் நியூட்ரலும் இருப்பதால், வயர் மிச்சம் பிடிக்க ஒவ்வொரு சுவிட்சின் ஓர முனைகளிலும் பேஸையும் நியூட்ரலையும் கொடுத்துவிட்டு, இரண்டு பொது முனைகளுக்கு நடுவே விளக்கை மாட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் பேஸ், மறு பக்கம் நியூட்ரல் என்று அமைந்தால் எரியும். இரண்டு பக்கமும் நியூட்ரல் என்றால் அணையும். இரண்டு பக்கமும் பேஸ் என்றாலும் அணையும்! அப்போது விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரின் இரண்டு முனையிலும் 230 வோல்ட் இருக்கும். பல்பு மாற்றப் போகிறவருக்கு அது தெரியாது.

எந்த முறை என்று பிரித்தறிவது எளிது. ஒரு சுவிட்சின் இரண்டு ஓர முனைகளைப் பாருங்கள். தூரத்துச் சுவிட்சை எப்படித் தள்ளினாலும், இந்தச் சுவிட்சை எப்படித் தள்ளினாலும், ஓர் ஓரம் எப்போதும் பேஸ், மறு ஓரம் எப்போதும் நியூட்ரல் என்றால் அது இரண்டாவது முறை. அப்படியானால் அதைச் சரிசெய்யும் வேலையை வயர்மேனிடம் விடுங்கள். அதுவரை பல்பு மாற்ற மெயினையே இறக்குங்கள்.

9. படித்தும் புரியாதவை

சுவிட்சை அணைத்தபின் எல்.இ.டி. பல்பு இரவில் லேசாக மினுக்குகிறதா? சுவிட்சில் இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் கசிவாக இருக்கலாம். நீள வயரின் பொய் வோல்டேஜாகவும் இருக்கலாம். கவனிக்க வேண்டியது மூன்றாவது காரணம்: சுவிட்ச் நியூட்ரலை வெட்டுகிறது, பேஸ் நேரே விளக்கில் நிற்கிறது. முதலில் சாக்கெட்டுகளைப் பாருங்கள். எர்த் ஓட்டை மேலே இருக்க, வலது ஓட்டையில் பேஸ் இருக்க வேண்டும். எல்லாப் போர்டிலும் இடது ஓட்டையில் டெஸ்டர் எரிந்தால் தவறு மெயினருகே நடந்திருக்கிறது. ஒரு போர்டில் மட்டும் என்றால் அந்தப் போர்டுக்கு வரும் இணைப்பில்.

சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தால், இரண்டு பேஸ் வந்துவிட்டது என்று பதறாதீர்கள். நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. பேஸ் ஏதோ ஒரு பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டு நியூட்ரல் வயருக்கு வந்து நிற்கிறது.

கடன் வாங்கிய நியூட்ரல் இதைவிட மோசம். மாடி விளக்குக்குக் கீழ்த்தளத்து பேஸ், மேல்தளத்து நியூட்ரல். தளத்துக்கொரு ஆர்.சி.சி.பி. போட்டதும், அந்த விளக்கைப் போட்டாலே விழும். அக்கா வீட்டில் ஒரு எம்.சி.பி.யை மட்டும் இறக்கிவிட்டு நியூட்ரல் கட்டைப் பிரித்தேன். எல்லாப் பேஸையும் சோதித்திருந்தேன், நியூட்ரலை யார் சோதிப்பார்கள்? வேறொரு சர்க்யூட்டில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனின் கரண்ட் அந்தக் கட்டு வழியாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தது. பிரித்ததும் ஒரு நுனி உயிர் பெற்றது. ஸ்டூலிலிருந்து விழுந்ததில் முழங்கை வீங்கியதோடு போயிற்று. ஒற்றை எம்.சி.பி. பேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் கட்டைத் தொடுவதானால் இரண்டையும் சேர்த்து வெட்டும் மெயினையே இறக்குங்கள்.

10. திரும்ப மாட்டும்போது

ஒரு நேரத்தில் ஒரு சுவிட்ச். பழையதிலிருந்து ஒரு வயரைக் கழற்றி, புதியதில் அதே இடத்தில் மாட்டி, பிறகு அடுத்த வயர். இப்படிச் செய்தால் பட்டை கிழிந்தாலும் குழப்பம் வராது.

ஸ்க்ரூவை முறுக்கியபின் ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். போர்டு கருகுவது பெரும்பாலும் தளர்ந்த ஸ்க்ரூவில்தான். செம்பு இழைகளில் ஒன்றுகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அப்புறம் இரண்டாவது படியில் எழுதிய அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு சுவிட்சாக, இன்வெர்ட்டரிலும் ஒருமுறை, ஒப்பிடுங்கள்.

11. எங்கே நிறுத்த வேண்டும்

தொட்டதும் ரப்பர் உறை பொடிப்பொடியாக உதிர்கிற வயர், அலுமினிய வயர், குழாயிலிருந்து வடியும் ஈரம், கருகிய வாசனை, சாக்கெட்டில் எர்த்தே இல்லாதது: இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் மூடியை மாட்டிவிட்டு நிறுத்துங்கள். இவை ஒரு போர்டின் பிரச்சினை அல்ல, வீட்டு வயரிங்கின் பிரச்சினை.

வயர்மேன் வரும்போது போட்டோக்களையும் அட்டவணையையும் காட்டுங்கள். வேலை முடிந்ததும் அவர் மாற்றியதையும் அதிலேயே குறித்து, ஒரு நகலை மடித்து மெயின் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.